முதல் கை, இரண்டாம் கை

மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைக்கும் சீட்டை யாரும் படிப்பதில்லை என்பார்கள். ஒருவர் படித்தார். அவள் எழுதிய ஒவ்வொரு சீட்டையும், ஆறு வருடமாக, ஓர் எழுத்து விடாமல். அவர் ஆணா பெண்ணா, கிழமா குமரா, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. மருந்துக் கம்பெனிகள் ஆங்கிலச் சீட்டை அனுப்பும். அதைத் தமிழில் எழுதுகிறவர் முதல் கை. அந்தத் தமிழை மட்டும் வாங்கிக்கொண்டு, மூலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், மறுபடி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இரண்டாம் கை. போன ஆங்கிலத்தையும் திரும்பி வந்த ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவள் மேலாளர். அவளுக்குத் தராசம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியும். கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று பேச்சு. கூப்பிட்டுப் பார்த்தவர் யாருமில்லை.

முதல் கையும் இரண்டாம் கையும் சந்திக்கக் கூடாது. இரண்டாம் கைகள் வீட்டிலிருந்து வேலை செய்வார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து தாளைக் கொடுத்துப் புதுத் தாளை வாங்கிப் போவார்கள். அன்று முதல் கைகளுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். திரும்பி வந்த ஆங்கிலம், மேலாளர் ஒப்பிட்டபின், புதன்கிழமை முதல் கையின் மேஜைக்கு வரும்.

"ஏன் மேடம், பார்த்தா என்ன?" என்று சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள்.

"தெரிஞ்சவங்க எழுதினதைப் படிச்சா, எழுதாததையும் சேர்த்துப் படிச்சிருவோம்" என்றாள் தராசம்மா. "படிக்கப்போற நோயாளிக்கு உங்களைத் தெரியாது. அதனால இரண்டாம் கைக்கும் தெரியக் கூடாது."

அவளுக்கு அது சரியாகப்பட்டது.

ஆங்கிலம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சொற்கள் அல்ல, அவற்றின் தயக்கம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் எதையும் அடித்துச் சொல்வதில்லை. இந்த மாத்திரை போட்டால் தலை சுற்றும் என்று எழுதமாட்டார்கள். சுற்றக் கூடும். சுற்றினாலும் சுற்றலாம். சுற்றியதாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள். சுற்றாது என்று சொல்வதற்கில்லை. நடக்கக் கூடும் என்பதற்கே அவர்களிடம் மூன்று சொல். 'மே' ஒரு படி என்றால் 'மைட்' அதற்கு அரைப் படி கீழே. 'குட்' எந்தப் படியில் நிற்கிறது என்று அவர்களுக்கே நிச்சயமில்லாத மாதிரி இருந்தது. வழக்குக்குப் பயந்து வழுக்குகிறார்கள் என்று முதல் வருடம் நினைத்தாள்.

சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. மிகவும் பரவலானது: பத்தில் ஒருவருக்கு மேல். பரவலானது: நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை. அப்படியே இறங்கி, மிக அரிதானது: பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. கடைசி வரியில், தெரியவில்லை: கையில் உள்ள தகவலைக் கொண்டு கணக்கிட முடியாது.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு ஆங்கிலத்தின் மேல் மரியாதை வந்தது. தெரியாததை மறைக்காமல், எவ்வளவு தெரியாது என்று அளந்து சொல்ல ஒரு பாஷை இத்தனை மெனக்கெடுகிறதே. வீட்டில் யாரும் அப்படிப் பேசவில்லை. "வந்துருவார், ஒண்ணும் ஆகாது" என்றுதான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எல்லோரும் சொன்னார்கள்.

அவள் தனக்கென்று ஒரு வழி பிடித்தாள். 'மே' வந்தால் கூடும். 'மைட்' வந்தால் சுற்றினாலும் சுற்றலாம். 'சொல்வதற்கில்லை'யை அதற்குரிய இடத்தில் மட்டும். யாரிடமும் இதை விளக்கவில்லை. விளக்க ஆளில்லை. அவளுக்கு முதலில் வாய்த்த இரண்டாம் கை எல்லாவற்றையும் ஒரே சொல்லாகத் திருப்பி அனுப்பியது. அடுத்தது, நடந்தே தீரும் என்பதுபோல் திருப்பியது. மூன்றாவதாக வந்தவர்தான் இவர்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை தாள் வந்தது. அவள் 'சுற்றினாலும் சுற்றலாம்' என்று எழுதிய இடத்தில் 'மைட்' இருந்தது. 'கூடும்' இருந்த ஏழு இடத்திலும் 'மே'. அவள் தாளைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி எடுத்து எண்ணினாள். ஏழு.

அதன்பின் புதன்கிழமைகளுக்காக வாரம் நடந்தது.

இரண்டாம் கையின் தாளில் வலது ஓரத்தில் குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு. பொருள் தெளிவில்லாத இடத்தைச் சுட்டிக்காட்ட அது. ஆரம்பத்தில் அவர் நிறையக் குறிப்பு எழுதினார். இந்தச் சொல் இரண்டு விதமாக நிற்கிறது, நான் இந்த விதமாக எடுத்தேன். வரவரக் குறிப்புகள் குறைந்தன. ஒரு கட்டத்தில் கட்டம் காலியாகவே வந்தது. ஒரே ஒரு முறை தவிர. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது வாரம் அவள் எழுதிய ஓர் இருமல் மருந்துச் சீட்டின் ஓரத்தில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில்: எழுதியவர் களைத்திருக்கக் கூடும். பொருளில் பிழை இல்லை.

தராசம்மா அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு 'தேவையற்ற குறிப்பு' என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் தம்பி இருந்தான். தம்பி மனைவி இருந்தாள். பார்க்க வந்த சித்தப்பா குடும்பம் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாதது முகம் தெரியாத ஆளுக்கு ஓர் இருமல் மருந்திலிருந்து தெரிந்திருந்தது. அவள் அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வலிநிவாரணிக் களிம்பு ஒன்றை எழுதி முடித்தாள்.

அப்பா போனபின் அவள் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். மாடியில் ஓர் அறை. வயது நாற்பத்திரண்டு. கல்யாணப் பேச்சு எப்போதோ எடுத்து எப்போதோ நின்றிருந்தது. தம்பி மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஆளைப் பார்த்ததும் எந்தக் கண்ணில் குறை என்று சொல்லிவிடுவாள். அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது.

"அண்ணி, புதன்கிழமை ஆனா மட்டும் நல்ல புடவையா எடுக்கறீங்க" என்றாள் ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

"அப்படியா?"

"அப்படித்தான். யாரு?"

சொல்லிவிட்டாள். சொல்ல இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. அவ்வளவுதான் இருந்தது சொல்ல.

தம்பி மனைவி குழாயை மூடினாள். "ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாதா?"

"தெரியாது."

"எழுபது வயசுக் கிழவரா இருந்தா?"

"இருக்கட்டும்."

"புள்ளகுட்டிக்காரியா இருந்தா?"

"இருக்கட்டுமே. நான் என்ன, தாலி கட்டவா கேட்டேன்?"

"வேற என்னதான் கேட்கறீங்க?"

ஒரு தடவை எதிரே உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம். இதை எப்படிச் சொல்வது. துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"அக்கா ஒரு மாத்திரைச் சீட்டை லவ் பண்ணுது" என்றான் கூடத்திலிருந்து தம்பி.

"நீ உன் வேலையைப் பாரு."

"அதுவும் செகண்ட் ஹேண்டு."

"டேய்" என்றாள். ஆனால் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஒன்றரைக்கே போய்விடுவாள். கதவு திறக்கும் வரை நடையில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காருவாள். காலையில் அங்கே இரண்டாம் கைகள் உட்கார்ந்து காத்திருந்திருப்பார்கள். நான்கு பேர் உட்காரலாம். அதில் எந்த இடம் என்று தெரியாததால் வாரத்துக்கு ஓர் இடமாக மாறி மாறி உட்கார்ந்தாள். இதை மட்டும் தம்பி மனைவியிடம் சொல்லவில்லை.

ஆறாம் வருடம் ஒரு புதன்கிழமை தாள் வேறு மாதிரி வந்தது. குறிப்புக் கட்டத்தில் பதினொரு குறிப்பு. 'கூடும்' எல்லாம் உறுதியாகி வந்திருந்தது. அவருடைய தாள் அல்ல. அடுத்த வாரமும் அப்படியே. தராசம்மாவிடம் கேட்க முடியாது. கேட்டால், வித்தியாசம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். உடம்பு சரியில்லாமல் இருக்கக் கூடும். வேலையை விட்டிருக்கக் கூடும். ஊரை விட்டே போயிருந்தாலும் போயிருக்கலாம். இறந்திருக்க மாட்டார் என்று சொல்வதற்கில்லை. அவளுக்குத் தெரிந்த அத்தனை படிகளிலும் இரண்டு வாரம் ஏறி இறங்கினாள். சாப்பாடு இறங்கவில்லை. தம்பி மனைவி ஒன்றும் கேட்காமல் சூடாக ஏதாவது குடிக்கக் கொண்டுவந்து மாடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் அவர் வந்துவிட்டார். முதல் வரியிலேயே தெரிந்தது. கட்டம் காலி.

அன்று அவள் மேஜையில் வலிப்பு மாத்திரைச் சீட்டு ஒன்று இருந்தது. கை பறந்தது. நாலு மணிக்கெல்லாம் முடித்து ஒப்படைத்துவிட்டு, வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரத்தில் அந்தத் தாளும் திரும்பி வந்தது. தராசம்மா ஒப்பிட்டாள். போன ஆங்கிலமும் திரும்பி வந்த ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பிசகாமல் பொருந்தின. சரி என்று போட்டு அச்சுக்கு முந்தைய சோதனைக்கு அனுப்பினாள்.

சோதனை என்பது எளிது. ரோட்டில் போகிற பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சீட்டைக் கையில் கொடுத்து, கேள்வி கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை? மறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்விக்குப் பத்துப் பேரும் விழித்தார்கள். பத்தாவது ஆள் லாரி ஓட்டுகிறவர். சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தாதேன்னு போட்டிருக்கு. நிறுத்தினா என்னன்னு போடலையே. நானா இருந்தா ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பேன்."

தராசம்மா அவளைக் கூப்பிட்டனுப்பி, லாரிக்காரர் சொன்னதைச் சொன்னாள். மேஜையில் மூன்று தாள்கள் விரித்திருந்தன.

"உட்காருங்க. மூணையும் படிங்க."

மூலத்தில் இரண்டு வாக்கியம். மாத்திரையைத் திடீரென நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக் கூடும். அவளுடைய தமிழில் முதல் வாக்கியம் மட்டும் இருந்தது. இரண்டாவதை விட்டிருந்தாள். இதற்கு முன் எழுதிய முப்பது, நாற்பது வலிப்பு மாத்திரைச் சீட்டுகளில் ஒன்றில்கூட அவள் விடாத வாக்கியம். மூன்றாவது தாளைப் பார்த்தாள். இரண்டாம் கையின் ஆங்கிலம். அதில் இரண்டு வாக்கியமும் இருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. காது மடல் சுட்டது. தாளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"உங்க தமிழ்ல இல்லாத வாக்கியம் அவங்க இங்கிலீஷ்ல எப்படி வந்துச்சு?"

"தெரியலை, மேடம்."

"மூலத்தை அவங்களுக்குக் காட்டினீங்களா?"

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க. வார்த்தை மாறாம."

தராசம்மா எல்லோரையும் 'அவங்க' என்றுதான் சொல்வாள். வீட்டுப் பூனையைக்கூட. அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் அவள் அந்த 'வார்த்தை மாறாம'வைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அச்சாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் தராசம்மா.

"யாராவது நிறுத்தியிருப்பாங்க."

"நிறுத்தியிருக்கக் கூடும் இல்லை. நிறுத்தியிருப்பாங்க."

"ஆமா."

"ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க. நான் பழைய தாளையெல்லாம் பார்க்கணும்."

லீவில் அவள் மாடி அறையைச் சுத்தம் செய்தாள். விட்டுப்போன வாக்கியம் கண்முன்னே நின்றது. எங்கோ ஒரு வீட்டில், மாத்திரை தீர்ந்துபோனதால் நாளைக்கு வாங்கிக்கலாம் என்று விட்டுவிடுகிற ஒருவர். ஆயிரத்தில் ஒருவர் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். அந்த ஒருவருக்கு முதல் முறையாக ஒரு முகம் வந்தது. அவள் நேரில் பார்த்தேயிராத லாரிக்காரர் முகம். அதே நேரம் இன்னொன்றும் நின்றது. அவர் எழுதினார். நான் எழுதாததை எழுதினார். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

எட்டாம் நாள் தராசம்மாவின் அறையில் தாள்கள் தரையிலிருந்து மேஜை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஆறு வருடத் தாள்கள்.

"எல்லாத்தையும் படிச்சேன்" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அதுதான் எனக்குத் தலைவலி. பொய் சொல்லியிருந்தா ஒரு ஆளை அனுப்பிட்டு வேலையைப் பார்ப்பேன்."

அவள் அடுக்கின் மேல் கிடந்த தாளைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமாவே உங்க தாளை அவங்க படிக்கலை. உங்களைப் படிச்சிருக்காங்க. நானும் கவனிக்கலை. கட்டம் காலியா இருந்தா நல்ல வேலைன்னு நினைச்சேன். என் மேலயும் தப்பு இருக்கு." மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, ஜோடியாவே இருங்க. ஒவ்வொரு தாளையும் மூணாவதா ஒருத்தர் வரிக்கு வரி மூலத்தோட சரிபார்ப்பாங்க. ஆனா ஒருத்தரை ஒருத்தர் எப்பவும் தெரிஞ்சுக்கக் கூடாது. இந்த வேலையில இருக்கிற வரைக்கும். இன்னொண்ணு, பிரிச்சு விட்டுர்றேன். உங்க தாள் இனிமே அவங்களுக்குப் போகாது. அப்ப விதியும் கிடையாது. பேரு சொல்லலாம். பார்த்துக்கலாம்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அவங்ககிட்டயும் இதையே சொல்லியிருக்கேன். தனித்தனியா எழுதிக் கவர்ல கொடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அப்படியே. ஒத்துப்போகலைன்னா பிரிச்சுருவேன். பேரும் கிடையாது."

"அப்ப ரெண்டும் போயிரும்."

"ஆமா" என்றாள் தராசம்மா. "அதுக்குத்தான் யோசிச்சு எழுதுங்கங்கறேன்."

வியாழக்கிழமை மாடியில் தம்பி மனைவி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பார்க்கணும்னு எழுதுங்க."

"அவங்க சேர்ந்து வேலை செய்யணும்னு எழுதியிருந்தா?"

"பார்த்தா என்ன ஆகும், சொல்லுங்க. உங்க சீட்டு மாதிரியே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "ஏமாற்றம், பத்தில் ஒருவருக்கு மேல். பேச்சு வராமல் போவது, அதே. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவது, நூற்றில் ஒருவர்."

"பிடிச்சுப்போறது?"

"தெரியவில்லை. கையில் உள்ள தகவலைக் கொண்டு கணக்கிட முடியாது."

"பார்க்காமலே இருந்தா?"

அவள் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தாள். தம்பி மனைவி எழுந்துகொண்டாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அவள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன எழுதுவது என்பதல்ல, அவர் என்ன எழுதுவார் என்பதே கேள்வியாக இருந்தது. ஆறு வருடமாகத் தெரிந்த ஆள். விதியை ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு வரியளவு மீறிய ஆள். அப்படிப்பட்டவர் வேலையைத்தான் எழுதுவார். சேர்ந்தே இருக்கிறோம் என்று எழுதினால் ஒத்துப்போகும். புதன்கிழமைகள் மிஞ்சும். எழுதவும் எழுதினாள். நல்ல கையெழுத்தில், ஒரே வரி. கவரில் வைத்தாள்.

பிறகு கவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவரைத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறாள்? அவர் எழுதிய ஆயிரம் பக்கம் படித்திருக்கிறாள். அத்தனையும் அவள் சொன்னதுதான். அவள் தயங்கிய இடத்தில் அவர் தயங்கினார். அவள் உறுதியாகச் சொன்னதை அவர் உறுதியாகச் சொன்னார். அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுவார், அந்த இரண்டு வாரம் எங்கே போனார், ஒரு பக்கத்திலும் இல்லை. அவருடைய தமிழில் ஒரே ஒரு வாக்கியத்தைக்கூட அவள் படித்ததில்லை. அவர்தான் அவளை அறிந்தவர். அவளுக்கு அவரைத் தெரியவே தெரியாது.

இது உறைத்ததும் ஒரு விதத்தில் லேசாக இருந்தது. அவர் விருப்பத்தை ஊகிக்க வழியில்லை. மிஞ்சியது அவளுடையது மட்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கவரைக் கிழித்தாள். வேறு தாளில், பார்க்க வேண்டும் என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தராசம்மா இரண்டு கவரையும் மேஜையில் வைத்தாள். அவளுடையதை முதலில் பிரித்தாள். படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். "இது என்ன பதில்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"என்ன, மேடம்?"

"முதல் கை எழுதியதே என் பதில்." தாளைத் திருப்பிக் காட்டினாள். "பின்னாடியும் பார்த்துட்டேன். ஒண்ணுமில்லை. இவ்வளவுதான்."

தமிழில் எழுதியிருந்தது. சாய்ந்த, சின்ன எழுத்து. அவள் அந்த ஐந்து சொல்லையும் பார்த்தாள். சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்று வந்தது.

"இதுலயும் அவங்களுக்கு என்ன வேணும்னு இல்லையே" என்றாள்.

தராசம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருவாங்க. நீங்களும் வாங்க. நீங்களே கேட்டுக்கோங்க. பேரு சொல்லட்டுமா?"

"வேண்டாம். அவங்களே சொல்லட்டும்."

"சரி. திங்கட்கிழமையிலிருந்து உங்க தாள் வேற ஆளுக்குப் போகுது. புது ஆளு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வருவாங்க. கட்டம் கட்டமா எழுதுவாங்க. கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்கமாட்டேன்."

"கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள் தராசம்மா. தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை அவள் ஒரு சொட்டு மருந்துச் சீட்டு எழுதினாள். எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் லாரிக்காரர் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு எழுதினாள். இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும், இதை அவர் எப்படித் திருப்புவார் என்று மனது தானாகப் போய் நின்றது. திரும்பக் கூப்பிட்டாள். மறுபடி போயிற்று. சாயங்காலம் தாளை உறையில் போட்டு ஒட்டும்போது, இனி இது அவர் கைக்குப் போகாது என்பது புரிந்தது. ஒட்டிய உறையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு தட்டில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கே போய் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறு இரண்டாம் கைகள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு வயதான மனிதர், ஒரு கர்ப்பிணி, ஒரு பையுடன் குட்டையான ஒருவர். ஒவ்வொரு முறையும் அவள் பாதி எழுந்தாள். ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கதவைத் தட்டி, தாள் கொடுத்து, தாள் வாங்கிப் போனார்கள். கர்ப்பிணி மட்டும், "புதுசா?" என்று கேட்டாள்.

"இல்ல, பழசு" என்றாள்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால் ஆயிற்று. தராசம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மறுபடி சாத்திக்கொண்டாள்.

பிறகு கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ படியேறினார்கள். வேகமாக அல்ல. முதல் மாடி வரை ஒரே சீராக வந்த காலடி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது. மூச்சு வாங்க நின்றிருக்கலாம். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றிருக்கலாம். கைப்பிடியில் ஏதோ மோதிரமோ சாவியோ உரசுகிற சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை.

அவள் எண்ணினாள். பத்து, இருபது. காலடி மேலே வரவில்லை. கீழேயும் போகவில்லை.

எழுந்தாள். பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.